ஈரத்தில் இறக்கின மிசின்

எங்கடை அண்ணைக்குத் தோட்டம் எண்டால் மிசின்தான். உரும்பிராயில அப்பா விட்டுப்போன செம்மண் காணியில தெற்குப் பாதி அவருக்கு, வடக்குப் பாதி தங்கச்சி எனக்கு. இடையில ஒரு வரம்பு. நான் ஆள் பிடிச்சு மண்வெட்டியால கொத்தி, பூவரசங்குழையைப் பசளையா மண்ணுக்குள்ள தாட்டு வெங்காயம் வைப்பன். அவர் உழவு மிசினை நாலுதரம் ஓட்டி மண்ணை மாவாக்கிப்போட்டு, என்ரை மண்கட்டியளைப் பாத்துச் சிரிப்பார். பொம்பிளைத் தோட்டமாம். முதல் வருசம் அவரின்ரை வெங்காயம் என்ரையிலும் பாக்கத் திரண்டு வந்தது உண்மைதான். அதோட ஆளைப் பிடிக்கேலாது. சந்தியில நிண்டு ஊருக்கே வகுப்பெடுத்தார்.

போன தையில மழை விட்டு ஒரு நாள்தான். மண்ணை அள்ளிப் பொத்தினால் உருண்டையா நிண்டது. உதிர்ந்தால்தான் உழலாம், சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அண்ணை பஞ்சாங்கம் பாத்து வைச்ச நாள் அண்டைக்கு. மண்ணைப் பாக்காமல் பஞ்சாங்கம் பாக்கிற விவசாயி! கொட்டிலில பிடிபிடியாக் கட்டித் தூக்கியிருந்த விதை வெங்காயம் முழுக்க இறக்கி வைச்சிருந்தார். அது போனால் அடுத்த முறைக்கு அவருக்கு விதையே இல்லை.

நான் வரம்பில நிண்டு தேத்தண்ணி குடிச்சன். மிசின் சில்லுப் பதிஞ்ச இடமெல்லாம் ஈரமண் அமந்து மினுங்கினது. படட்டும், மேதாவி நல்லாப் படட்டும் எண்டு நினைச்சன். சந்தோசமாத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

வெயில் ஏற மேல்மண் ஓடுகட்டினது, அடிமண் இறுகினது. இறைச்ச தண்ணி இறங்காமல் பாத்தியிலயே நிண்டது. ஒரு மாசத்துக்குள்ள அவர் நட்ட வெங்காயத்தின்ரை தாள் மஞ்சளாகி, வேர் அழுகி நாறினது. குழை தாட்ட என்ரை பாதி கருகருவெண்டு நிண்டது. போற வாற சனம் ரெண்டையும் பாக்கட்டும் எண்டு நான் வேணுமெண்டே வரம்பில நிண்டன்.

ஒருநாள் பின்னேரம் அண்ணை அழுகின வெங்காயக் கடகத்தோட வந்தார். விதை கேக்கப்போறார், கொஞ்சம் கெஞ்சவிட்டுக் குடுப்பம் எண்டு காத்திருந்தன். அவர் கேக்கேல்லை.

"நீ அண்டைக்கு இதிலதானே நிண்டனி," எண்டார். "பிழையெண்டால் நீ சொல்லியிருப்பாய் எண்டு நம்பித்தான் பிள்ளை, நான் மிசினை இறக்கினனான்."

 அவர் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சீ, என்னைப்போல ஒரு கேவலமான பிறவி.