மருந்து வாசம் போகட்டும்

நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், வீட்டில் தனியாக விட முடியாமல், சின்னம்மா என்னைத் தன்னோடு ரோஜாப் பண்ணைக்கு அழைத்துப் போவாள். அம்மாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அங்கே பிள்ளைகளை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பண்ணை கெலவரப்பள்ளி அணைக்கு இந்தப் பக்கம் இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான கொட்டகைகள், உள்ளே வரிசை வரிசையாக ரோஜாச் செடிகள். பெண்கள் மொட்டாகவே வெட்டிக் கொடுக்க, வேன் அதை பெங்களூருக்குக் கொண்டு போகும். நாளெல்லாம் ரோஜாவுக்கு நடுவில் இருப்பவர்களுக்கு ஏன் தினமும் தலைவலி வருகிறது என்பதுதான் எனக்குப் புரியாது.

அன்று காலை நாங்கள் போனபோது அப்போதுதான் பூச்சி மருந்து அடித்து முடித்திருந்தார்கள். அடித்தவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெண்களுக்கு முகமூடி கிடையாது, முந்தானைதான். முந்தின வாரம் ஒருத்தி உள்ளேயே மயங்கி விழுந்து, சின்னம்மாதான் தூக்கி வந்து வேப்ப மரத்தடியில் படுக்க வைத்திருந்தாள்.

"சீக்கிரம் உள்ள போங்க. வெயில் ஏறினா மொட்டு விரிஞ்சிடும்" என்றார் சூப்பர்வைசர்.

சின்னம்மா கத்தரியை வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"மருந்து வாசம் போவட்டும் சார். அப்புறம் வெட்டறோம்."

ரேஷன் கடையில்கூடக் குரலை உயர்த்தாதவள். அப்போதும் உயர்த்தவில்லை.

"இஷ்டமில்லாதவங்க வீட்டுக்குப் போலாம்" என்றார் அவர். சின்னம்மா கன்னடக்காரப் பெண்களிடம் கன்னடத்திலும், தெலுங்கு பேசுகிறவர்களிடம் தெலுங்கிலும் உட்காரச் சொன்னாள். தயங்கித் தயங்கி ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நின்றது ஒடிசாவிலிருந்து வந்த மூன்று பெண்கள் மட்டும். பண்ணைக்குள்ளேயே தகர அறையில் தங்கியிருந்தவர்கள். வேலை போனால் அன்று படுக்கவே இடமில்லை. அது தெரிந்துதான் சூப்பர்வைசர் அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்களும் உள்ளே போகப் புறப்பட்டார்கள்.

சின்னம்மா எழுந்து போய் வாசலில் குறுக்கே நின்றாள். அவர்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. முன்னால் வந்த பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்து, தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள்.

"இவங்கள மட்டும் அனுப்பாதீங்க சார். நீங்க உள்ள வந்து நில்லுங்க. நீங்க நிக்கற வரைக்கும் நாங்களும் நின்னு வெட்டறோம்."

அவரும் ரோஷக்காரர். போனார். கொஞ்ச நேரத்தில் இருமியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "தூசி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தார். அதன் பிறகு உள்ளே போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பூ வெட்டினார்கள். பாதி மொட்டு விரிந்து வீணாகியிருந்தது.

மறுநாளிலிருந்து சின்னம்மா வீட்டில் இருந்தாள். பெரியவர்களுக்கும் கோடை விடுமுறை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு ஒரே கொண்டாட்டம். அணையைப் பார்க்க அழைத்துப் போனாள். போகிற வழியில் வேறு பண்ணைகளின் கேட்டில் நின்று யாரிடமோ பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தண்ணீரைப் பார்க்கும் அவசரம்.

ஒரு சாயங்காலம் பண்ணை வேன் எங்கள் தெருமுனையில் நின்றது. சின்னம்மாவோடு வேலை பார்த்த ஒருத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அக்கா, இன்னிக்கு மருந்து அடிச்சாங்க. மத்தியானம் வரைக்கும் எங்களை வெளியவே உக்கார வெச்சிட்டாங்க. அந்த மூணு பொண்ணுங்களயும்தான்."

சின்னம்மா தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் இருந்த சர்க்கரை முழுவதையும் கொட்டி ரவா கேசரி கிண்டினாள்.

"யாருக்குப் பொறந்த நாள்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல. சாப்பிடு."

எங்கேயோ யாரோ சும்மா உட்கார்ந்திருந்ததற்கு எங்கள் வீட்டில் எதற்காகக் கேசரி என்று எனக்கு விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினேன்.