தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்

எங்கள் மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை வசூலிக்க வந்தவரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. எங்களுக்கு அவர் 'சார்'. ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டை. குழு கூடுவது எங்கள் வீட்டில்தான். கட்டுமாவடி வெயிலில் வண்டி ஓட்டி வந்தும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் சார், எங்க வீட்டுத் தண்ணி ஆகாதா?"

"அப்படி இல்லக்கா. குடிச்சுட்டா அப்புறம் கறாராக் கேக்க வாய் வராது."

ஒருத்தி கட்டாவிட்டால் யாரும் எழுந்து போகக் கூடாது என்பது குழுவின் விதி. மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை ராணியிடம் பணம் இல்லை. அவளுக்காகப் போட்டுக் கட்ட எங்களிடமும் இல்லை. பத்துப் பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மதியம் தாண்டியது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

செம்பு நிறையக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எதுவும் கேட்காமல் கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் வேறொருவர் வந்தார். வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். செம்பைக் கீழே வைத்த கையோடு, "ராணி யாரும்மா?" என்றார்.