ஒட்டகச்சிவிங்கிக்குச் சொந்தக்காரர்கள்

பினாங்கின் பத்து காவான் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஜெயலெட்சுமி தரப் பரிசோதகர். எதைப் படம் பிடித்தாலும் பக்கத்தில் ஆறங்குல இரும்பு அடிக்கோலை வைத்துவிடுவார். கல்யாண வீட்டு லட்டுக்கும் அதே மரியாதைதான். அடிக்கோலின் ஓரத்தில் 'ஜெ' என்று கீறியிருக்கும். கீறாவிட்டால் சக ஊழியர்கள் சுட்டுவிடுவார்கள்.

விடுமுறை நாட்களில் சூலியா தெருப் பழைய கடைகளில் நுழைந்து தகர டப்பா, தீப்பெட்டி, விளம்பரப் பலகை என்று படமெடுத்து, இணையத்தில் இலவசக் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஏற்றுவார். நானூற்றுச் சொச்சம் படங்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், படமெடுத்தவர் பெயரை மட்டும் போட வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வரலாற்றுப் பாடத்துக்கு அங்கிருந்துதான் அள்ளினார்கள்.

ஒரு நாள் 'ஒட்டகச்சிவிங்கி மார்க்' கறித்தூள் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. அவர் ஏற்றியிருந்த டப்பாப் படத்திலுள்ள பெயரும் சின்னமும் பதிவுபெற்ற வணிகச் சின்னங்களாம். ஏழு நாளில் படத்தை நீக்க வேண்டுமாம். இல்லையென்றால் வழக்காம். பினாங்கில் ஒட்டகச்சிவிங்கி மேய்ந்து யாரும் பார்த்ததில்லை. அதன் கழுத்துக்கு மட்டும் வேலி போட்டாயிற்று.

"எடுத்துடு ஜெயா, ஒரு டப்பாதானே," என்றார் கணவர் தயாளன்.

"இன்னைக்கு டப்பாக்காரன். நாளைக்குத் தீப்பெட்டிக்காரன் வருவான். பிள்ளைங்களுக்கு வெறும் சுவத்தையா காட்டுறது? நான் என்ன கறித்தூளா விக்கிறேன்?"

"கத்தாத லா, பக்கத்து வீட்டுல கேக்குது."

"கேக்கட்டும் லா!"

மறுநாள் யூசுப் மளிகைக் கடையில் சாமான் வாங்கப் போனவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார். அதே நிறுவனத்தின் நாட்காட்டி. 'எங்கள் பாரம்பரியம்' என்ற தலைப்பின் கீழ் அவர் எடுத்த டப்பாப் படம். அவசரத்தில் வெட்டி ஒட்டியவர் அடிக்கோலையும் பாரம்பரியத்தில் சேர்த்திருந்தார். ஓரத்தில் 'ஜெ'. முழுப் பெயர் எங்கேயும் இல்லை. அவர் படத்தையே எடுத்துக்கொண்டு அவரையே திருடி என்கிறார்கள்!

"யூசுப் அண்ணே, இத நான் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கம்மா. மூஞ்சி ஏன் மிளகாய் மாதிரி ஆயிருச்சு?"

நாட்காட்டியைச் சுருட்டிக்கொண்டு, பினாங்குப் பாலத்தைக் கடந்து நேராகக் கெப்பாலா பத்தாஸிலுள்ள அந்த நிறுவனத்தின் அலுவலகம். அதை மேனேஜர் சுகுமாரனின் மேசையில் விரித்து, பையிலிருந்த அடிக்கோலைப் படத்தின் மேல் வைத்தார்.

"டப்பா உன்னுது. பேரும் உன்னுது. அந்த ஒட்டகச்சிவிங்கியையும் கூட்டிட்டுப் போய் தழை போடு. படம் என்னுது. இந்த ரூலரும் உங்க பாரம்பரியமா தம்பி?"

"அக்கா... கடிதம் அனுப்புறது லீகல் டிபார்ட்மெண்டு. காலண்டர் போடுறது டிசைன் டிபார்ட்மெண்டு."

"ரெண்டு பேருக்கும் சேத்து சொல்லு. கடிதத்த வாபஸ் வாங்கு. மிச்சமிருக்கிற காலண்டர்ல எல்லாம் என் பேரு வரணும். ஏழு நாள்."

வாபஸ் கடிதம் இரண்டே நாளில் வந்தது. ஏழாம் நாள் ஜெயலெட்சுமியே நிறுவனத்தின் கிடங்குக்குப் போனார். சட்டப் பிரிவும் வடிவமைப்புப் பிரிவும் ஒரே மேசையில் உட்கார்ந்து நாட்காட்டிகளில் அவர் பெயர்ச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தன. முதல் நாட்காட்டியை எடுத்து அடிக்கோலை வைத்தார். சீட்டு மூன்று மில்லிமீட்டர் சாய்வு.

"ரிஜெக்ட்," என்றார்.