கடிகாரம் கேட்காத சின்னவள்

என் கொழுந்தனின் மனைவியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருந்தால் எனக்கு வயிறு எரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். மாடியில் அவள் குடித்தனம், கீழே என்னுடையது. அதோடு விட்டிருக்கலாம். அவளுக்கு என் அலுவலகத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்த புத்திசாலியும் நான்தான்.

மருந்து ஏற்றிப் போகும் குளிர்பதன லாரிகளைக் கண்காணிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று பத்து விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு லாரியும் தகவல் அனுப்பும். அது வரிசையாக எங்கள் புரோகிராமுக்குள் நுழையும். பத்து நிமிடத்துக்கு மேல் சூடு தாண்டியிருந்தால் எச்சரிக்கை போகும். அந்தப் புரோகிராம் எட்டு வருடமாக நான் பெற்று வளர்த்தது. அதில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றாலும் மொத்தத்தையும் நிறுத்தியாக வேண்டும் என்பது உண்மைதான். அதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமா?

சின்னவள் சொன்னாள், அதுவும் மேலாளர் கூட்டிய கூட்டத்தில். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி இருப்பாள். பேச்சின் நடுவில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பாள். அப்படித் துடைத்துக்கொண்டேதான், "சரிபாக்குற வேலைய மட்டும் தனியா வெப்அசெம்பிளி மாட்யூலா எழுதிடலாம் சார். ஓடிட்டிருக்கும்போதே ஒண்ணக் கழட்டிட்டு இன்னொண்ண மாட்டிக்கலாம்" என்றாள்.

வெப்அசெம்பிளி மாட்யூல் என்பது பெரிய புரோகிராமுக்குள் மாட்டி ஓட்டும் குட்டிப் புரோகிராம், பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி. ஜன்னல் வழியே தகவலைக் கொடுத்தால் பார்த்துவிட்டு அதே ஜன்னலில் பதிலைத் தருவார். கோப்பு, இணையம், கடிகாரம் எதுவானாலும் நாம் அனுமதித்தால்தான் அவருக்கு உண்டு. அந்த அனுமதிப் பட்டியல் என் கையில் இருந்தது.

மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வேறு வேலைகளுக்கும் மாட்யூல் எழுதச் சொல்லி இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்தார். அவள் மாட்யூலும் என் புரோகிராமும் ஒரு வாரம் அக்கம்பக்கமாக ஓட வேண்டும். அவளுடையது தேறினால் புதிதாக அமையும் குழுவுக்கு அவள்தான் தலைவி. அப்படியொரு நாற்காலிக்குத்தான் எட்டு வருடமாக நான் காத்திருந்தேன்.

அன்று மாலை பட்டியலில் அவள் மாட்யூலுக்கு நேரே, கடிகாரம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதினேன். பாதுகாப்பாவது மண்ணாங்கட்டியாவது. நேரம் தெரியாமல் பத்து நிமிடத்தை எப்படி எண்ணுவாள்? வந்து கெஞ்சட்டும், நாலு நாள் இழுத்தடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவள் வரவே இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "சாப்டீங்களா அக்கா?" என்பாள், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை அவள் மாட்யூல் ஒரு லாரிக்கு எச்சரிக்கை கொடுத்தது. நாற்பது நிமிடமாகச் சூடு என்றது. என் புரோகிராமோ வாயே திறக்கவில்லை. அந்த லாரியின் தகவல் முழுவதும் இரண்டே விநாடியில் வந்திருந்தது, பிறகு நாற்பது நிமிடம் எங்கிருந்து வரும்? மாட்டினாள் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதைத் தாளில் அச்செடுத்து மேலாளர் அறைக்குக் கிளம்பினேன்.

அதற்குள் என் மேசையில் போன் அடித்தது. மருந்துக் கிடங்குக்காரர் பேசினார். பெட்டிகள் வெதுவெதுப்பாக இருக்கின்றனவாம். லாரி மலைப்பாதையில் சிக்னல் இல்லாமல் போய், சேர்த்து வைத்த தகவலைக் கீழே இறங்கியதும் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது. என் புரோகிராம் தகவல் வந்து சேர்ந்த நேரத்தைத்தான் கடிகாரத்தில் பார்க்கும். கடிகாரமே இல்லாத சின்னவள், ஒவ்வொரு தகவலோடும் லாரி எழுதி அனுப்பும் நேரத்தை வைத்து எண்ணியிருந்தாள். தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன்.

மதியம் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பட்டியலைத் திறந்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"கடிகாரமே குடுக்கலியே, ஏன்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான்தான் சார் தரல. தந்திருந்தா என் பழைய புரோகிராம்ல இருக்குற தப்பத்தான் இவளும் பண்ணிருப்பா. யோசிச்சுக் கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்."

சின்னவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வழிநடத்தத் தெரிஞ்சவங்கதான் தலைவியா இருக்கணும்" என்று சொல்லி மேலாளர் என் கையைக் குலுக்கினார்.

சாயங்காலம் மொட்டை மாடியில் அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"மத்த ரெண்டு பேரோட மாட்யூலுக்கும் கடிகாரம் குடுத்திருந்தீங்க. முதல் நாளே பாத்துட்டேன்" என்றாள்.

"அப்போ ஏண்டி என்கிட்ட கேக்கல?"

"கேட்டா குடுத்துருப்பீங்க. நல்லா ஓடினா, அக்கா தயவுலதான் ஓடுச்சுன்னு ஆயிடும். இந்த வேலையே நீங்க வாங்கிக் குடுத்தது. உங்க பேரு ஒட்டாம ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு." என் புடவையை மடித்து என்னிடம் நீட்டினாள். "இப்ப அதுவும் உங்க பேர்லதான்."

கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டிருப்பேன். அவள் கத்தவில்லை.

மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் இருந்தது. சொல்லவில்லை. குழுத் தலைவி நான்தான். அவள் எழுதும் ஒவ்வொரு மாட்யூலையும் வரி வரியாக நான்தான் சரிபார்க்கிறேன். ஒரே ஒரு தப்பு அகப்பட்டால் போதும், நிம்மதியாகத் தூங்குவேன். இன்றுவரை அகப்பட்டபாடில்லை.