வாளிக்குள் கிடந்த துணி

பொறாமையாம்! பெண்டாட்டி குறி தப்பாமல் எய்கிறாள், ஊர் முழுக்க அவளைப் பற்றியே பேச்சு, அதைப் பொறுக்க முடியாமல் விரிசல் விட்ட அம்பைத் தெரிந்தே அவள் கையில் கொடுத்தானாம் என் மாப்பிள்ளை. எதிர்வீட்டுத் தையல்காரி சொல்கிறாள். ஊசியில் நூல் கோக்கிற நேரத்துக்குள் ஒரு குடும்பத்தைப் பிரித்துப் போடுகிறவள் அவள்.

"உங்க பொண்ணு கையைக் கெடுத்தவருக்கு நீங்களே வக்காலத்து வாங்கறீங்களேம்மா" என்று என்னிடமே கேட்டாள்.

"வாங்குவேன். கெட்டது என் பொண்ணு கை. உனக்கு எங்க வலிக்குது?" என்றேன். அதிலிருந்து நான் தைக்கக் கொடுத்த துணியை இழுத்தடிக்கிறாள். இழுக்கட்டும்.

மாப்பிள்ளை வில்லைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு அம்புதான் எல்லாம். மூங்கில் அம்பு சும்மா இருக்காது. மழை வந்தால் ஒரு பக்கம் வளையும், வெயில் வந்தால் இன்னொரு பக்கம். வில் மைதானத்தில் எய்கிறவர்கள் எல்லாரும் கோணிப்போன அம்புகளை எங்கள் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து குவிப்பார்கள். அவர் தீ இல்லாத கங்கின் மேல் அம்பை உருட்டி உருட்டிச் சூடேற்றுவார். காடிப் பள்ளம் வெட்டிய கட்டையில் கொடுத்து, கணு கணுவாக அழுத்துவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். இந்தப் பொறுமையைச் சம்சாரத்திடமும் காட்டுவார் என்று நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை காதுக்கு. அம்பைக் காதோரம் வைத்து இலேசாக வளைத்து முறுக்குவார். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வந்தால் அது அடுப்புக்கு. வராவிட்டால் எண்ணெய் தடவி, முனை கீழே பார்க்கத் தொங்கவிடுவார்.

அந்த அம்பு மழைக்காலத்தில் வந்தது. என் மகளுடைய அம்புதான், அவள் எப்போதும் எய்கிற அம்புக்கட்டிலிருந்து ஒன்று. மற்றவை எல்லாம் ஈரத்தில் கோணிக்கொண்டு நின்றன. இது மட்டும் கோடு போட்ட மாதிரி இருந்தது. "பாருங்க அத்தை, இதுக்குக் கங்கே வேண்டாம்" என்று என்னிடம் கூட நீட்டிக் காட்டினார். நான் அறையிலேயே இருந்தேன். கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தோம், சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவர் காதோரம் வளைத்துப் பார்த்தார், எண்ணெய் தடவினார், தொங்கவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதை அழுத்தியே சொல்கிறேன்.

மைதானத்தில் மகள் நாணை விட்டபோது அம்பு நடுவில் பிளந்தது. பின்பாதி அவள் வில் பிடித்த இடது கையின் கட்டைவிரல் அடியில் ஏறிவிட்டது. முன்பாதி எங்கோ பறந்து, குறிப்பலகைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் காணாமல் போனது. காயம் ஆறியது. விரல் மடங்கவில்லை. வில்லைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு, "இனிமே வெங்காயம் நீங்கதான் நறுக்கணும்" என்று புருஷனிடம் சொன்னாள். அவள் அழுததே அவ்வளவுதான், அதையும் சிரித்துக்கொண்டே.

அவர்தான் திரும்பி வரவில்லை. உடம்பு வீட்டில் இருந்தது, காது மட்டும் அந்த மழைநாளிலேயே நின்றுவிட்டது. சீப்பை எடுத்தால் காதோரம் வளைப்பார். கரண்டிக் காம்பை முறுக்கிப் பார்ப்பார். கதவு முனகினால் எழுந்து நிற்பார். நேரான அம்பையும் கங்கில் காட்டிக் காட்டி இறகு பொசுங்கியது, எய்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். மகளுடைய மிச்ச அம்புகளைத் தினமும் இறக்கிக் கேட்பார்.

"ஏதாவது ரகசியம் சொல்லுதுங்களா? எனக்கும் சொல்லுங்க" என்பாள் அவள். அவர் அடுத்த அம்பை எடுத்துக் காதோரம் வைப்பார்.

மழை வந்தால் வாளிக்குள் பழைய துணியைப் போட்டுவிடுவார், சொட்டு சத்தமில்லாமல் விழும். குழாய் வாயிலும் துணி கட்டினார். மழை நின்ற பிறகும் அந்தத் துணி வாளிக்குள்ளேயே கிடந்தது. தண்ணீர் தெறித்துத் தரை நனையாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன்.

ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அத்தை, அன்னிக்கு நீங்களும் இருந்தீங்களே. ஏதாவது கேட்டுச்சா?"

"சொட்டு விழுந்துச்சு மாப்பிள்ளை."

"வேற?"

"வேற என்ன கேட்கும்? ஈரத்துல விரிசல் மூடிக்கிட்டிருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

தலையை ஆட்டினார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. தனக்குக் கேட்டதா, இல்லையா? ஊர் என்ன சொல்கிறது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. இந்த ஒன்று தெரியாமல் அவரால் என் மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்புறம் மைதானத்தில் மண்மேட்டை வெட்டிப் புதிதாகப் போட்டார்கள். மைதானக் காவல்காரர், நல்ல மனுஷன்தான், அந்த முன்பாதியைக் கண்டெடுத்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இரும்பு முனை துருவேறி, மண் அப்பி, எலும்புத் துண்டு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை அதைத் துடைத்தார். கங்கு மூட்டினார். பகல் வெளிச்சத்தில், நானும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, அதை மெல்ல உருட்டினார்.

முறிந்த இடத்திலிருந்து முனைப்பக்கமாக ஒரு கோடு திறந்தது. கோட்டுக்குள்ளிருந்து எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து மேலே வந்தது.

எனக்கே புரிந்துவிட்டது. அவர் எண்ணெய் தடவியபோதே விரிசல் இருந்திருக்கிறது. அதற்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறது.

"இருந்தா என்ன?" என்றாள் மகள். "மூடிக்கிட்டிருந்த விரிசல். உங்க காதுக்கு எப்படிக் கேட்கும்?"

"கேட்டுச்சு" என்றார்.

"அது சொட்டு!" என்று நான் கத்தினேன். "நான் இருந்தேன். நான் சொல்றேன், அது வாளியில விழுந்த சொட்டு!"

"சொட்டு கீழ கேட்கும் அத்தை. அது என் காதுகிட்ட கேட்டுச்சு."

மகள் குனிந்து அந்த விரிசலைப் பார்த்தாள். "அப்புறம் ஏன் தொங்கவிட்டீங்க?"

"அவ்வளவு நேரா இருந்துச்சு. அடுப்புல போட மனசு வரல. சொட்டுதான்னு நானே சொல்லிக்கிட்டேன்."

நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அது சொட்டுதான். மனுஷன் தன்னைத்தானே அரித்துக்கொண்டால் கேட்காததும் கேட்கும்.

அவர் கங்கின் மேல் சாம்பலைத் தள்ளினார். மூலையில் கிடந்த வாளியிலிருந்து துணியை எடுத்தார். பிழிய அதில் ஈரமே இல்லை, இருந்தும் பிழிந்தார், உதறிக் கொடியில் காயப்போட்டார். செருப்பை மாட்டினார்.

"சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம், உள்ள வாங்க" என்று மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். அவசரத்தில் இடது கையால் பிடித்துவிட்டாள். விரல் மடங்கவில்லை. சட்டைத் துணி அவள் கைக்குள்ளிருந்து நழுவியது. அதை அவர் பார்த்தார். வாசலைத் தாண்டினார்.

எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓட்டம் நின்றது. மாப்பிள்ளை வீட்டை விட்டு ஓடிப்போனாராம், அவள் சொல்கிறாள். ஓடவில்லை. நடந்துதான் போனார், தெருக்கோடி வரைக்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, எதையோ கேட்கிற மாதிரி.