விற்றவனுக்குக் கிடைத்த இரட்சிப்பு

ஜெயசீலியின் புருஷன் ஞானமுத்து எண்பத்தொன்றாம் வருஷம் செத்தான். தாராவித் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்கிற வேலை அவனுக்கு. கால் இரண்டும் வெந்து கிடக்கும். அந்த எரிச்சல் தாங்காமல்தான் குடிக்கப் பழகினான். ஒருநாள் பொழுது நன்றாக விடிந்த பிறகு, "ஏட்டி, லைட்டப் போடு, ஒண்ணும் தெரியல" என்றான். வாசல் வழியாக வெயில் அவன் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் ஆள் முடிந்துவிட்டான். முந்தின ராத்திரி அவன் குடித்த அதே சாராயத்தால் அந்த வாரம் அவனோடு சேர்த்து ஒன்பது பேர் போனார்கள்.

காய்ச்சியவன் வானமாமலை. சாராயம் பற்றாமல் போனபோது ஏதோ ஸ்பிரிட்டை வாங்கிக் கலந்து விற்றவன்.

அடக்கத்துக்கு வந்த பாஸ்டர் கல்லறையில் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. "குடிச்சுச் செத்தவனுக்கு நான் என்னன்னும்மா ஜெபம் பண்ண?" என்று கிளம்பிவிட்டார்.

வானமாமலைக்கு எதிராகக் கோர்ட்டுக்கு ஜெயசீலி ஒருத்திதான் சாட்சி சொல்லப் போனாள். மற்ற எட்டு வீட்டுக்காரர்களையும் பயம் தடுத்துவிட்டது. வாய்தா வாய்தாவாக இழுத்துக் கடைசியில் கேஸ் தள்ளுபடியானது. அவள் மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனாள்.

எண்பத்தைந்தில் அந்தச் சபைக்கே வானமாமலை வந்தான். முழங்காலில் விழுந்து அழுதான். மாகிம் கடலில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பவுல் என்று பேர் வைத்தார்கள். அடுத்த ஞாயிறு அவன் மைக் பிடித்துத் தான் இரட்சிக்கப்பட்டதைச் சாட்சி சொன்னபோது கூட்டம் அல்லேலூயா சொல்லிக் கைதட்டியது. ஒன்பது பேரில் ஒருவன் பேரையும் அவன் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஜெயசீலி பாஸ்டரிடம் போனாள்.

"ஐயா, வித்தவனுக்கு மோட்சம், குடிச்சவருக்கு நரகமா?"

"கிருபை இலவசம்மா. யாரு வந்தாலும் கிடைக்கும். இவரு உயிரோட இருக்கையிலேயே வந்துட்டாரு. உன் புருஷனுக்கு நேரம் இல்லாமப் போச்சு."

"அந்த நேரத்தைப் பறிச்சவனே இவந்தானே ஐயா."

பாஸ்டர் வேதப்புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கசப்பு ஆகாது சிஸ்டர்" என்றார்.

சபையை விட்டுவிடு என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவள் விடவில்லை. ஆண்டவரை விட்டால் அவளுக்குப் பேச வேறு ஆள் கிடையாது.

மறுவருஷம் வானமாமலைக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. குடும்பம் அவனை விட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. சபைப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொடுக்கவும் துணி மாற்றவும் ஏற்பாடானது. செவ்வாய்க்கிழமைக்கு ஆளில்லை. "நான் போறேன்" என்றாள் ஜெயசீலி. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் செவ்வாய் அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. கஞ்சியில் என்ன கலந்திருக்கிறதோ என்று வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு கரண்டி அள்ளித் தான் குடித்துக் காட்டினாள். பிறகு அவன் குடித்தான். குடித்து முடித்ததும் குழறிக் குழறிக் கேட்டான்.

"என்னைய மன்னிச்சிரு, அக்கா."

"ஒனக்குத்தான் மேல கிடைச்சாச்சே. எங்கிட்ட என்னத்துக்குக் கேக்க?"

மூன்று வருஷம் ஒவ்வொரு செவ்வாயும் அவன் அதையே கேட்டான். அவள் அவனைப் புரட்டிப் போட்டு, முதுகுப் புண்ணைத் துடைத்து, வேட்டியை அலசிக் காயப்போட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நாக்கின் நுனிவரை வந்த நாட்களும் உண்டு. அன்றைக்கென்று ஞானமுத்துவின் திறந்த கண்கள் ஞாபகம் வந்துவிடும்.

எண்பத்தொன்பதில் ஒரு செவ்வாய் காலை அவள் கஞ்சியோடு போனபோது அவன் செத்து விறைத்திருந்தான். பாஸ்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, சேதி கேட்டு வந்த சபைப் பெண்கள் அருவருத்துத் தள்ளி நிற்க, அவளே குளிப்பாட்டினாள். பாஸ்டர் வந்து வெகுநேரம் ஜெபித்தார். பரலோகத்தில் தூதர்கள் சந்தோஷப்படுகிறார்கள் என்றார்.

"அவர மன்னிச்சிட்டியாக்கா?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"இல்ல" என்றாள் ஜெயசீலி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாட்டுங்காவுக்குக் கிளம்பினாள். முதல் வீட்டுக்கே நேரமாகியிருந்தது.