ஜெராக்ஸ் கடைக்குக் காற்று விட்ட கதை

எங்கள் ஜெராக்ஸ் கடையில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. கூரைக்குக் கீழே நான்கு காற்றுத் துவாரங்கள். எல்லாவற்றையும் அடைத்தவன் நான்தான். ஆள் வைத்துக்கூடச் செய்யவில்லை, ஸ்டூல் போட்டு ஏறி என் கையாலேயே சிலிக்கான் பூசி அடைத்தேன். தூத்துக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவனுக்குக் காற்றைப் போல எதிரி கிடையாது. ஆனி ஆடியில் வீசுகிற கச்சான் காற்று மண்ணையும் துறைமுகத்து நிலக்கரித் தூசியையும் கொண்டுவந்து மிஷின் மேல் கொட்டும். வாடைக் காற்று ஈரத்தைக் கொண்டுவரும். நமுத்த பேப்பர் உள்ளே போனால் உருளையில் சிக்கிக்கொண்டு வெளியே வராது. சுங்க அலுவலகத்துக்குப் பேப்பர் கொண்டுபோகிற ஆள் வாசலில் நின்று வாட்சைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அதனால்தான் அடைத்தேன். அடைத்து, ஏசியும் போட்டு, என் கடைக்குள் ஒரு ஈ வர முடியாது என்று நாலு பேரிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

அந்தச் சின்ன அறைக்குள் காலை பத்து மணிக்குப் பதினைந்து பேர் நிற்பார்கள். கிளியரிங் ஏஜென்டுகளின் ஆட்கள், லாரி டிரைவர்கள், கப்பல் வேலைக்கு மனுப்போட வந்த பையன்கள், கீழவைப்பாரிலிருந்து முதல் பஸ் பிடித்து ரேஷன் கார்டுத் திருத்தத்துக்கு வந்த பெண்கள். அத்தனை பேரும் விட்ட மூச்சு எங்கே போகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்குப் பேப்பர் காய்ந்திருந்தால் போதும்.

பிறகு என் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. மதுரையில் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எனக்குச் சிறுநீரகம் கொடுத்தது என் மனைவி. வேண்டாம் என்று நான் ஒப்புக்குச் சொன்னேன். "சும்மா கெடங்க, ரெண்டு இருக்கதே ஒண்ணக் குடுக்கத்தான்" என்று வாயை அடைத்துவிட்டாள். மூன்றே மாதத்தில் எழுந்து போய்க் கடையையும் திறந்தாள். என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார் மருத்துவர். புதுச் சிறுநீரகத்தை உடம்பு துரத்திவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் தந்திருந்தார்கள். ஊரில் நாலு பேர் தும்மிவிட்டுப் போகிற சளி என்னைப் படுக்கையில் தள்ளிவிடும்.

தள்ளவும் தள்ளியது. அந்த வருட வாடைக் காலத்தில் கடையில் யாரோ இருமினார்கள். அவளுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். எனக்கு அது நெஞ்சில் இறங்கி, திரும்ப மதுரைக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் மாட்டிப் படுக்கவைத்தார்கள். பிழைத்து வீடு வந்த அன்றே அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கூடத்துக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடந்தது. கடையிலிருந்து வந்தால் பின்வாசல் வழியாக நுழைந்து, குளித்து, வேறு சேலை கட்டிக்கொள்வாள். வீட்டுக்குள்ளும் முகக்கவசத்தைக் கழற்ற மாட்டாள். என் தட்டை அறை வாசலில் உள்ள ஸ்டூலில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, "மாத்திரை போட்டியளா?" என்று கேட்பாள். அவள் சாப்பிடுவது பின்கட்டில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் உடம்பில் ஒரு பாகம் என் வயிற்றுக்குள் இருக்கிறது, அவள் மட்டும் பத்தடிக்கு அந்தப் பக்கம். கடவுளுக்குக் குறும்பு அதிகம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். எனக்கு அவள் வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது. ஐம்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டுமாம். நான் படவில்லை.

கடையில் கேமரா உண்டு. பகலெல்லாம் போனில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம் வராத கேமரா. மேலிருந்து பார்ப்பதால் அவள் வகிடுதான் தெரியும். கடையில் இருபத்திரண்டு வருடம் சேர்ந்து நின்றோம். நான் கவுண்டரில் தெருவைப் பார்த்து நிற்பேன், அவள் மிஷினில் சுவரைப் பார்த்து நிற்பாள். அப்போது அவளை நான் பார்த்ததே இல்லை. இப்போது காலை ஒன்பதிலிருந்து பார்க்கிறேன், கிடைப்பது ஒரு வகிடு. அது வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது மருத்துவரிடம் வெடித்துவிட்டேன். இப்படியே எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உங்க வீட்டுல பிரச்சினை இல்ல. உங்க கடையில காத்து எப்படி?" என்று கேட்டார். என் மனைவியும் கூட வந்திருந்தாள். அவள்தான், "காத்தா? அத இவுக அடைச்சுப் பல வருசம் ஆச்சு" என்றாள். கடையின் காற்றைச் சுத்தமாக வைத்தால் இவள் நோயை வாங்கி வருவது குறையும், ஒரு வாடைக் காலம் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்றார் மருத்துவர். காற்றோட்டம், மேலே புற ஊதா விளக்கு என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

எனக்குப் பொறுமை கிடையாது. தாளில் கடைசியில் இருந்த விளக்கு மட்டும் கண்ணில் பட்டது. ஊருக்கு வந்த மறுநாளே போனில் தேடி ஒரு புற ஊதா விளக்கை வரவழைத்தேன். மூடி கீடி ஒன்றும் இல்லாத வெறும் குழல். அதைக் கவுண்டருக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிடச் சொன்னேன். மிட்டாய்க் கடையில் ஈ பிடிக்க நீல விளக்கு வைத்திருப்பார்களே, அதுபோல என்று கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் போனிலேயே பாடம் எடுத்தேன். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்திருக்கிறது. ஆள் இல்லாத அறையில் மட்டும் எரிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். மனுவில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள் என்று ஊருக்கே சொன்னவன் நான். ஒரு தாளைப் படிக்கச் சொல்லத் தோன்றவில்லை.

நல்லவேளையாக விளக்கைப் போட்ட அன்று வேலைக்காரப் பெண் பாங்கு வேலையாக வெளியே அலைந்தாள், கூட்டமும் இல்லை. காலை முழுக்க விளக்கின் கீழே நின்றவள் என் மனைவிதான். சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். கண் இரண்டும் சிவந்து வீங்கி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டே வந்து முன்கூடத்தில் உட்கார்ந்தாள்.

"என்னளா ஆச்சு?" என்று எழுந்து ஓடினேன்.

"கிட்ட வராதீய. கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. காய்ச்சலா என்னன்னு தெரியல, அங்கனயே நில்லுங்க."

பக்கத்துத் தெருவில் ஒருவர் இருந்தார். இருபது வருடம் கப்பலில் ஏசி, குளிர்சாதன வேலை பார்த்துவிட்டு வந்தவர். கடையின் ஏசியைப் பார்ப்பவரும் அவர்தான். போன் போட்டதும் வந்தார். வாசலில் நின்றே டார்ச் அடித்து அவள் கண்ணைப் பார்த்தார்.

"தங்கச்சி, இன்னைக்கு வெல்டிங் எதும் பாத்தியா?"

"இல்லண்ணே. இவுக வாங்கிக் குடுத்த வெளக்கத்தான் பாத்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது. கண் மருத்துவரிடம் அவரும் அவர் மனைவியும்தான் கூட்டிப்போனார்கள். வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்தான் இதுவும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார் மருத்துவர். வீட்டுக்கு வந்து அவள் தானே அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். கண் திறக்க முடியாததால் இரண்டு சொட்டு கன்னத்தில், ஒரு சொட்டு நெற்றியில். நான் பத்தடி தள்ளி நின்று, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம், ஏளா, வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் முட்டாள்தனத்தால் வெந்த கண்ணுக்கு என் கையால் மருந்து ஊற்ற வழியில்லை. அறைக்குள் போய் அழுதேன்.

அவளுக்குக் கண் தெளிந்த பிறகு அந்தக் கப்பல்காரரே கடைக்குப் போய்ப் பார்த்தார். நான் போனில் கேமராவையும் அவர் குரலையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கப்பல்ல சரக்குக் கெடங்குக்குள்ள இறங்கணும்னா மொதல்ல புளோயர் போட்டுக் காத்த மாத்துவோம். மாத்தாம ஒருத்தனையும் உள்ள விடமாட்டோம். நீங்க இத்தன வருசமா கெடங்குக்குள்ளயே ஏவாரம் பண்ணிருக்கிய."

"பேப்பர் நமுத்துப் போவுமே அண்ணாச்சி."

"பேப்பருக்கு மூச்சு வேண்டாம். அதப் பீரோவுல போட்டு அடைங்க. மனுசனுக்கு ஜன்னலத் தொறங்க."

சிலிக்கானைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அவ்வளவு அக்கறையாக அடைத்திருக்கிறேன். தெருப்பக்கத்து ஜன்னலில் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி, அதற்கு முன்னால் தூசிக்கு ஒரு வடிகட்டி. எதிர்ச் சுவரின் மேல் மூலையில் உள்ளே இருப்பதை வெளியே தள்ளும் இன்னொரு விசிறி. உப்புக் காற்றுக்கு இரும்பு நிற்காது என்று விசிறிகளை எல்லாம் பிளாஸ்டிக்கில் வாங்கினார். பேப்பர் கட்டுகளை ஒரு இரும்புப் பீரோவுக்குள் வைத்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டார். அந்தச் சூட்டில் பேப்பர் அப்பளம்போல மொறுமொறுவென்று இருந்தது. இந்தச் சின்ன வித்தை எனக்கு இருபத்திரண்டு வருடம் தோன்றவில்லை.

விளக்கையும் அவரே சரியானதாக வரவழைத்தார். அதற்கு முன்னால் தகடு தகடாகத் தடுப்பு இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் பொருத்தினார். பழைய கட்டடம், கூரை நல்ல உயரம். வெளிச்சம் கூரையை ஒட்டியே பரவும், கீழே இறங்காது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி, நாம் விட்ட மூச்சை மேலே கொண்டுபோகும், அங்கே கிருமி சாகும். கண் மட்டத்தில் கருவி வைத்து அளந்துபார்த்துவிட்டுத்தான் அவளை உள்ளே விட்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அது நான் செய்திருக்க வேண்டிய காரியம்.

அறைக்குள் மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் வைத்தார். அதைக் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னேன். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த வேலை. கூட்டம் சேர்ந்து எண் ஆயிரத்தைத் தாண்டினால் போன் போடுவேன்.

"ஏளா, ஆயிரத்து நூறு. நாலு பேர வெளிய நிக்கச் சொல்லு."

"வெயில்ல எப்படிங்க நிக்கச் சொல்லுததுக்கு? வயசான ஆளு ஒருத்தர் இருக்காரு."

"அப்ப நீ வெளிய நில்லு."

"நான் வெளிய நின்னா ஜெராக்ஸ் நீங்க வந்து எடுக்கியளா?"

வேலைக்காரப் பெண் குளிருகிறது, மழை தெறிக்கிறது என்று ஜன்னலைச் சாத்துவாள். எண் ஏறும், நான் போன் போடுவேன், திறப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. "அண்ணாச்சி மேலருந்து பாக்காரு" என்று கேமராவைக் காட்டி வாடிக்கையாளர்களிடம் சொல்வாளாம். சாமி கணக்காக ஆக்கிவிட்டாள். ஆகட்டும். எண் அறுநூறு என்று நிற்கும்போது அவள் வகிட்டைப் பார்த்தபடி, நல்ல காற்றில்தான் நிற்கிறாள் என்று சொல்லிக்கொள்வேன். அன்று சாப்பாடு இறங்கும்.

வாடைக் காலம் வந்தது. அக்கம்பக்கத்துக் கடைகளில் காய்ச்சல் என்று ஆட்கள் வராமல் கிடந்தார்கள். எங்கள் கடையில் வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு சளி, அது அவள் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது. என் மனைவிக்கு ஒன்றும் வரவில்லை. விளக்குதான் காப்பாற்றியதா, ஜன்னலா, அவள் முகக்கவசமா, எனக்குத் தெரியாது. வாடை முடிந்து மதுரைக்குப் போனபோது மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தார். "வீட்ல ஜன்னலத் திறந்து வச்சிட்டு ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுங்க. சளி, காய்ச்சல்னா மட்டும் விலகியிருங்க" என்றார். திரும்பி வருகிற காரில் முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. மத்தியானம் சாளை மீன் குழம்பு வைத்து, மேசையில் இரண்டு தட்டுப் போட்டாள். ஜன்னல் நான்கும் திறந்திருந்தன, காலண்டர் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்தாள். முகக்கவசத்தில் கை வைத்தவள் கழற்றாமல் அப்படியே இருந்தாள்.

"என்ன, வெக்கமா?"

"சும்மா இருங்க."

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட இப்படி மூடிக்கிடலையே நீ."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே காதிலிருந்து நாடாவை எடுத்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கைக்கெட்டுகிற தூரத்தில் அந்த முகத்தைப் பார்க்கிறேன். இளைத்திருந்தாள். வாயோரத்தில் இரண்டு கோடு விழுந்திருந்தது. சிரிப்பில் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. இடது பக்கம் அவளுக்கு ஒரு தெத்துப்பல் உண்டு. சாயர்புரத்தில் அவளைப் பெண் பார்த்த அன்று, தட்டை நீட்டும்போது அவளையும் அறியாமல் தெரிந்த அந்தப் பல்லுக்காகத்தான் மற்ற எதையும் விசாரிக்காமல் நான் சரி என்றது. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ஏளா, பல்லு எங்க?"

அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அதுவா. எடுத்தாச்சு."

"எப்ப?"

"போன கச்சானுக்கு. ராப்பகலா வலிச்சுது. கடையச் சாத்திட்டுப் போயி எடுத்துட்டு வந்துட்டேன்."

நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் மத்தியானம் கேமராவில் படமே வரவில்லை. கரண்ட் போய்விட்டதென்று நினைத்தேன்.

"எங்கிட்டச் சொல்லலையே."

"சொல்லி? பக்கத்துல வந்து உக்காரவா முடியும் உங்களால?"

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். எழுந்து என் நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தேன். அவள் பழக்கத்தில் பின்னால் சாய்ந்தாள். வாயை மூடியிருந்த கையைப் பிடித்து எடுத்தேன்.

"வாயத் தொற, பாப்போம்."

தயங்கி, ஜன்னலை ஒரு தரம் பார்த்துவிட்டு, திறந்தாள்.